தலைகீழாக ஓடிய பூனைப் படம்

பழனிசெட்டிபட்டியில் எங்கள் தெரு முழுக்க எனக்குக் கோபக்காரி என்று பெயர். அந்தப் பெயரை நான் சும்மா வாங்கவில்லை, பாடுபட்டுத்தான் வாங்கினேன். பால்காரரிடம், தையல்காரரிடம், டவுன் பஸ்ஸில் காலை மிதித்தவர்களிடம், எல்லோரிடமும் ஒருமுறையாவது சண்டை போட்டிருக்கிறேன். வீட்டில் நான் சண்டை போடாத ஒரே உயிர் என் பூனைதான். அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை. "ஏய்" என்றால் வரும்.

இரண்டாயிரத்து இரண்டு, மூன்று வாக்கில் நடந்தது இது. எனக்கு இருபத்தைந்து வயது. தேனியில் ஒரு டிடிபி சென்டரில் ஊரார் கல்யாணப் பத்திரிகைகளை எல்லாம் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். என் பத்திரிகை மட்டும் அச்சுக்குப் போகிற வழியைக் காணோம். காரணம் பூனை. அம்மாவுக்கு இழுப்பு உண்டு. பூனை முடி பட்டால் மூச்சு வாங்கும். என் வாய்க்குப் பயந்து பொறுத்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

"நீ அங்கிட்டுத் தாலி ஏறிப் போற அன்னைக்கு, இங்கிட்டு இது சாக்குல ஏறிப் போகும் பாத்துக்க. லோயர் கேம்ப் பஸ்ல வச்சுக் கொண்டுபோயி கால்வாய்க்கு அங்கிட்டு விட்டுட்டு வந்துருவேன்" என்பாள் அம்மா.

எங்கள் பக்கத்தில் வேண்டாத பூனையை அப்படித்தான் செய்வார்கள். தண்ணீரைத் தாண்டி விட்டால் அதற்குத் திரும்ப வழி தெரியாது என்று ஒரு நம்பிக்கை. அம்மா சும்மா மிரட்டுகிறவள் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். அதனால் என்னைப் பெண் பார்க்க வந்த முதல் இரண்டு வீட்டாரிடமும், "நான் வந்தா எம் பூனையும் வரும்" என்று நேராகவே சொல்லிவிட்டேன். போடிக்காரர்கள் சிரித்துக்கொண்டே போனார்கள். பெரியகுளத்துக்காரர்கள் சிரிக்காமல் போனார்கள். இரண்டு பேருமே திரும்பி வரவில்லை.

இனி அந்தப் படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சென்னையில் வேலை பார்த்த என் அண்ணன் ஒரு தீபாவளிக்கு விசிடி பிளேயர் வாங்கிவந்தான். கூடவே, எனக்கென்று ஒரு படம். கையாலேயே வரைந்த பழைய வெளிநாட்டு கார்ட்டூன், பாட்டும் கூத்துமாக எல்லாம் பூனைகள். அதன் இங்கிலீஷ் பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை. வீட்டில் அது "பூனைப் படம்", அவ்வளவுதான்.

கதை சின்னது. ஒரு துறைமுக ஊர், அதில் ஒரு கிழட்டுத் தையல்காரர். அவர் கடையில் வளரும் பூனைக்குட்டி, தைத்து முடித்த ஒரு கோட்டின் பைக்குள் போய்த் தூங்கிவிடுகிறது. அவர் தெரியாமல் கோட்டைப் பொட்டலம் கட்டி ஊரின் மறுகோடிக்கு அனுப்பிவிடுகிறார். குட்டி வெளியே வந்து பார்த்தால் கப்பல் துறை, கொட்டுகிற மழை. கவிழ்த்துப் போட்ட படகுக்கு அடியில் ஒண்டிக்கொண்டு, தையல்காரர் மெஷின் மிதித்தபடியே பாடும் பாட்டைப் பாடுகிறது. அதற்குப் பாதிப் பாட்டுத்தான் தெரியும். பாதியில் நின்றுபோகிறது. முதல் சிடி அங்கே முடியும். இரண்டாவது சிடியில் பாண்டு வாத்தியம் வாசிக்கும் தெருப்பூனைக் கூட்டம் ஒன்று அந்தப் பாட்டைக் கேட்டு வருகிறது. கூரை கூரையாகத் தாவி, ஊர் முழுக்கப் பாடிக்கொண்டே குட்டியை வீட்டில் சேர்க்கிறது.

வசனம் ஒன்றும் எங்களுக்குப் புரியாது. புரிந்து என்ன ஆகப்போகிறது? அதை வரைந்த மனுசன் பூனையோடு பூனையாகப் பத்து வருசம் குடியிருந்திருக்க வேண்டும். தாவுவதற்கு முன்னால் பின்பக்கத்தை ஒரு ஆட்டு ஆட்டுமே, அது இருந்தது. தாவித் தவறிக் கீழே விழுந்ததும், நான் எங்கே விழுந்தேன் என்பதுபோல உட்கார்ந்து காலை நக்குமே, அதுவும் இருந்தது. முதல் தடவை அதைப் பார்த்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் என் மடியில் இருந்த பூனை எழுந்து போய்விட்டது. பாட்டோ, தையல் மெஷின் மிதிக்கிற தாளத்தில் போகும். டடக் டடக், டடக் டடக். அந்தத் தாளம் ஒருமுறை காலுக்குள் புகுந்துவிட்டால் நாள் முழுக்க விடாது. டிடிபி சென்டரில் "நிகழும் மங்களகரமான" என்று டைப் அடிக்கும்போதுகூட என் கால் மேஜைக்கு அடியில் மிதித்துக்கொண்டிருக்கும்.

கோடை லீவில் எங்கள் தெரு கேபிள்காரர் வந்து, "லோக்கல் சேனல்ல பிள்ளைகளுக்குப் போட எதுனாச்சும் படம் இருக்கா ஆத்தா?" என்று கேட்டார். கொடுத்தேன். அதுதான் நான் செய்த தப்பு. இரண்டு சிடிக்களில் ஒன்றின் மேல் பூனைப் படம் கலர் கலராக அச்சாகியிருக்கும். மற்றது வெறும் வெள்ளை. வெள்ளைதான் முதல் பாதி. அவர் படம் போட்டதையே முதல் என்று நினைத்து, ஸ்கெட்ச் பேனாவால் அதன்மேல் பெரிதாக '1' என்று எழுதிவிட்டார். அதோடு விட்டாரா? காப்பி போட்டு சின்னமனூர்க்காரருக்குக் கொடுத்தார். அவர் உத்தமபாளையத்துக்கு, உத்தமபாளையத்துக்காரர் கோம்பைக்கு. கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கப் பூனைப் படம் தலைகீழாக ஓடியது. மத்தியானம் மூன்று மணிக்கு, அடியில் சேலைக்கடை விளம்பரம் ஓட ஓட, குட்டி முதலில் வீடு போய்ச் சேரும். பிறகு படத்தின் பெயர் வரும். கடைசியில் மழையில் தனியாக அழும். அதோடு சரி.

நான் விறுவிறுவென்று கேபிள் ஆபீசுக்குப் போய்க் கத்தினேன்.

"பூனைப் படந்தான ஆத்தா? எங்கன ஆரம்பிச்சா என்ன?" என்றார் அவர், டீ குடித்துக்கொண்டே.

என்ன சொல்லி என்ன, தலையில் அடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த ஆவணியில்தான் கோம்பையிலிருந்து மூன்றாவது வரன் வந்தது. மாப்பிள்ளை மோட்டார் வைண்டிங் கடை வைத்திருந்தார். அவருக்கு அம்மா இல்லை, இறந்து சில வருசம் ஆகியிருந்தது. வீட்டில் அவரும் அவருடைய அப்பாவும்தான். கொஞ்சம் திராட்சைத் தோட்டம். கூடவே மூன்று கோம்பை நாய்கள், வேட்டைக்குப் பேர்போன ஜாதி. நாய் என்று கேட்டதுமே பூனையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். இந்தத் தடவை அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அரிசி மண்டியில் நாள் முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு வந்த களைப்பு முகத்தில் அப்படியே இருந்தது.

"ஒரு தடவ, ஒரே ஒரு தடவ வாயத் தொறக்காம இருத்தா. எனக்காக" என்றார்.

அப்பா அப்படிக் கேட்டால் நான் என்ன செய்வேன்? சரி என்றேன். சொல்லிவிட்டுப் பூனையைக் கட்டிக்கொண்டு அழுதேன். இந்தச் சம்பந்தம் முடிந்தால் அது சாக்கில் போகும். முடியாவிட்டால் அப்பா முகத்தில் முழிக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அப்பா, அவருடைய அத்தை. பூனையை அம்மா கொல்லைப்புறத்துக் குளியலறையில் போட்டுக் கதவைச் சாத்திவிட்டாள். மாப்பிள்ளையின் அப்பா பெரிய மீசை, கரகரத்த குரல். எங்கள் பிளாஸ்டிக் நாற்காலி அவருக்குப் பத்தவில்லை. நான் பட்டுச்சேலை கட்டி, கேசரித் தட்டை நீட்டி, வாயை மூடிக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது அன்றைக்குத்தான்.

"பொண்ணு பாடுமா?" என்றார் அத்தை.

முதல் இரண்டு தடவையும் ஒரு முருகன் பாட்டுப் பாடியிருந்தேன். அதையே எடுக்கலாம் என்று வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்துக் கொல்லைப்புறத்தில் இருந்து மெதுவாக ஒரு சத்தம். என் காதுக்கு மட்டும் கேட்கிற சத்தம். கதவைப் பிராண்டுகிறது. முருகன் பாட்டு எங்கே போனதென்று தெரியவில்லை. தொண்டையில் இருந்து வந்தது பூனைப் பாட்டு. வார்த்தையும் கிடையாது ஒன்றும் கிடையாது, வெறும் லலலாவும் டடக் டடக்கும். குட்டி மழையில் பாடி நிறுத்துகிற இடம்வரை பாடி, நானும் நிறுத்தினேன்.

அம்மா என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்து சாம்பலாகியிருக்க வேண்டும்.

மாப்பிள்ளையின் அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். "ஏத்தா, இது அந்தப் பூனைப் படத்துப் பாட்டுல்ல?"

தலையை ஆட்டினேன்.

"எங்க ஊருல நாளைக்கு ஒரு தடவ போட்டாக. நான் ஒரு நாள் விடாமப் பாத்தேன். நல்லாத்தேன் எடுத்திருக்கான். ஆனா கடைசில அந்தக் குட்டிய மழையில விட்டுட்டு முடிச்சுப்புட்டானே பாவி! சோறு எறங்கல எனக்கு." பிறகு ஊருக்கே புத்தி சொல்கிற குரலில், "அருமையான வீடு. தூக்கி வளத்த மனுசன். கோட்டுப் பையி கேட்டுச்சு அதுக்கு. வீட்ட விட்டுப் போனா இதேன் கதி. எங்க தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் இதத்தேன் சொல்லிக்கிருக்கேன்" என்றார்.

அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு, அம்மாவின் முறைப்பு, பட்டுச்சேலை, எல்லாம் போயே போய்விட்டது. மூன்று மாதக் கோபம் ஒரே மூச்சில் வந்தது.

"அது கடைசி இல்ல மாமா, அது பாதி! குட்டி வீடு சேந்துருச்சு. கேபிள்காரக ரெண்டாவது சிடிய மொதல்ல போட்டுட்டாக. ஊரு ஊரா அதையே காப்பி போட்டுக் குடுத்துட்டாக!"

"ஏலே, நெசமாவா?" என்று அவர் தன் மகனைப் பார்த்தார். மகன் எதுவும் தெரியாது என்று கையை விரித்தார். "நடுவுல பேரு போடுறானேன்னு நானும் யோசிச்சேன் ஆத்தா. சரி, வெளிநாட்டுக்காரன், எடவேளைக்குப் பொறவுதேன் பேரு போடுவான் போலன்னு விட்டுட்டேன்."

"பேரு மொதல்லதான் மாமா போடுவாங்க! எந்த ஊரா இருந்தா என்ன?"

"ஏய்!" என்றாள் அம்மா. வருங்கால மாமனாரிடம் கையை நீட்டி நீட்டிப் பேசிக்கொண்டிருக்கிறேன் என்பதே அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

"அந்த சிடி இருக்கா?" என்றார் மாமா.

இருந்தது. போட்டேன். வெள்ளை முதலில். என்னைப் பார்க்க வந்தவர்கள் என்னை விட்டுவிட்டு டிவியைப் பார்த்தார்கள். பஜ்ஜி ஆறிப்போனது. குட்டி கோட்டுப் பைக்குள் கொட்டாவி விட்டபடி இறங்கியபோது, அத்தை, "வேணாண்டி, எந்திரி, எந்திரி" என்று சத்தமாகவே சொன்னார். அம்மா, இத்தனை நாள் அந்தப் பக்கமே திரும்பாதவள், கதவோரம் நின்றபடி பார்த்தாள். படகு வந்தது. மழை வந்தது. பாட்டு பாதியில் நின்று, திரை நீலமாகியது.

"பாத்தியா? இங்கனதேன் முடியும்" என்றார் மாமா, கம்மிய குரலில்.

"இருங்க மாமா." கலர் சிடியை முந்தானையில் துடைத்துப் போட்டேன். இருட்டுக்குள் கிழட்டுப் பூனை ஒன்று ஒரு காதை மட்டும் திருப்பும். அந்த ஒரு காது திரும்புகிற இடத்தில் எனக்கு இன்றைக்கும் புல்லரிக்கும். பிறகு அது தன் உடைந்த ஆர்மோனியத்தை எடுத்து, குட்டி விட்ட இடத்தில் இருந்து பாட்டைத் தொடரும். நாளொன்றுக்கு ஒருமுறை பார்த்த பாட்டை மாமா அன்றைக்குத்தான் முதல்முறையாக முழுசாகக் கேட்டார். குட்டியை வீட்டில் கொண்டு சேர்க்க வந்தவர்கள் இவர்கள், அதுவரை அவர் இவர்களை யாரோ கூத்தாடிப் பூனைகள் என்று நினைத்திருந்தார். தையல்காரர் கதவைத் திறந்தபோது அந்தப் பெரிய மீசை துண்டால் முகத்தை மூடிக்கொண்டது.

"சேந்துருச்சு. சேந்துருச்சு" என்றார் துண்டுக்குள்ளிருந்து.

டிவியை அணைத்தேன். அணைத்த பிறகும் பூனைச் சத்தம் கேட்டது. நன்றாகவே கேட்டது. படத்துப் பூனைகள் போட்ட கூச்சலில் என் பூனைக்கு ரோசம் வந்து குளியலறையில் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது.

"அது டிவியிலதான்" என்றாள் அம்மா, இருண்டு கிடந்த டிவியைக் காட்டி.

மாப்பிள்ளை அன்றைக்குப் பேசிய முதல் வாக்கியம் இதுதான்: "கதவத் தொறந்து விடுங்க. பாவம்."

ஓடிப்போய்த் திறந்தேன். தூக்கிக்கொண்டு வந்து ஹாலில் நின்று, "இது எம் பூனை மாமா. நான் எங்க போனாலும் இதுவும் வரும். அம்மாவுக்கு இழுப்பு, இங்க இருக்க முடியாது" என்றேன். அழக்கூடாது என்று நினைத்தேன், அழுதுவிட்டேன்.

மாமா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "எங்க வீட்டுல மூணு நாயி கெடக்கு ஆத்தா. கோம்பை நாயி. வேத்துப் பூனை உள்ள வந்தா மூணு நிமிசம் தாங்காது. இல்லாததச் சொல்லி ஏமாத்தக் கூடாதுல்ல?"

"அப்படின்னா வேணாம் மாமா" என்றேன். அதைச் சொல்லும்போது மாப்பிள்ளையைப் பார்க்காமல் சொன்னேன். கதவைத் திறக்கச் சொன்ன மனுசனை இழக்கிறோமே என்று இருந்தது. அது நிஜம்.

அவர்கள் போனதும் அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டாததுதான் பயமாக இருந்தது. அப்பா ஆறின பஜ்ஜியை ஒவ்வொன்றாகத் தின்றார்.

எட்டு நாள் கழித்து மாமா மட்டும் பஸ் ஏறி வந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். உள்ளே வந்து உட்கார்ந்ததும், "நாய்கள தோட்டத்துல கட்டிப் போட்டுப் பழக்கிட்டேன். திராட்சைக்குக் காவலும் ஆச்சு. மொத நாலு நாளு ஊளையிட்டுச்சுக. இப்பச் சரியாயிருச்சு. வீடு காலியாத்தேன் கெடக்கு. பூனையக் கூட்டிக்கிட்டு வாத்தா" என்றார்.

கோம்பையில் ஒரு மனுசன் நாயை வெளியே விட்டுப் பூனையை உள்ளே விடுகிறான் என்றால் அது சாதாரண விசயம் இல்லை. தெருவில் என்னென்ன பேசியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். என் பத்திரிகையை நானே டைப் அடித்தேன். கல்யாணத்தன்று, ஃபேன் வந்த அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு, பூனையை உள்ளே விட்டு, என் காலடியில் வைத்துக்கொண்டேன்; அது கோம்பை வரை கத்திக்கொண்டே வந்தது.

மாமா அடுத்து செய்த வேலை, கேபிள் ஆபீசுக்குப் போய்ச் சிடியை மாற்றிப் போட வைத்தது. தெருத் தெருவாகச் சொன்னார், "குட்டி வீடு சேந்துருச்சாம்ப்பா, நாமதேன் தப்பாப் பாத்துட்டோம்" என்று. எல்லோருக்கும் அது பிடிக்கவில்லை. எதிர்வீட்டுக்காரர், "பழைய முடிவுதேன் மனசுல நின்னுச்சு. இது சப்புன்னு இருக்கு" என்று கடைசிவரை சாதித்தார். அவரோடு நானும் மாமாவும் சேர்ந்தே சண்டை போட்டோம். சேர்ந்து சண்டை போட எனக்கு ஒரு ஆள் கிடைத்தது கல்யாணத்தில் கிடைத்த பெரிய லாபம்.

முதல் மாதம் பூனை கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. மாமா அதன் பக்கம் போகமாட்டார். தூரத்தில் உட்கார்ந்து படம் பார்ப்பார். ஒருநாள் மத்தியானம் நான் துணி மடித்துவிட்டு வருகிறேன், டிவியில் பூனைகள் கூரை மேல் ஆடுகின்றன, மாமாவின் கால் டடக் டடக் என்று தரையை மிதிக்கிறது, அந்தக் கால்மேல் தலையை வைத்து என் பூனை படுத்திருக்கிறது. என்னைப் பார்த்ததும் மாமா காலை நிறுத்தினார். பூனை தலையைத் தூக்கி, ஏன் நிறுத்தினாய் என்பதுபோலக் கத்தியது. மறுபடி மிதித்தார்.

அடுத்த வருசம் எனக்கு ஏழாம் மாதம். கோம்பையில் வளைகாப்பு முடித்து என்னைத் தலைப்பிரசவத்துக்குக் கூட்டிப்போக அம்மாவும் அப்பாவும் வேன் எடுத்துக்கொண்டு வந்தார்கள். அம்மா கையில் மூடி போட்ட புதுப் பிரம்புக்கூடை ஒன்று இருந்தது.

"பூனைக்குத்தான். அது இல்லாட்டி நீ சாப்பிட மாட்ட. மாத்திரை போட்டுச் சமாளிச்சுக்கிறேன்" என்றாள். நான் அம்மாவைக் கட்டிக்கொண்டேன். வயிறு இடித்தது.

கூடையோடு உள்ளே போனேன். மாமா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். டிவி ஓடவில்லை. பூனை மடியில் இருந்தது. கூடையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்க்காமல் பூனையின் முதுகைத் தடவினார்.

"ஏத்தா, இத இங்கனயே விட்டுட்டுப் போறியா?" என்றார். அந்தக் கரகரத்த குரலில் அப்படியொரு கெஞ்சலை நான் கேட்டதில்லை. "அவன் காலையில கடைக்குப் போனா பொழுது சாஞ்சுதேன் வருவான். ஒங்க மாமியா போன பொறவு நான் இந்த வீட்டுல ஒத்தையில கெடந்தேன். இப்ப நீயும் போற, இதுவும் போனா..."

எனக்குக் கோபம் வந்தது. என் பூனை. இதற்காக நான் மூன்று வரனோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். "ஏய்" என்று கூப்பிட்டேன். பூனை தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. என்னைத் தெரியாமல் இல்லை, நன்றாகத் தெரிந்துதான் பார்த்தது. பிறகு மாமாவின் வேட்டியில் முகத்தைப் புதைத்துப் படுத்துக்கொண்டது.

"பால ஆறவச்சு ஊத்துங்க மாமா. சூடா ஊத்துனா குடிக்காது" என்றேன். "தெரியும் ஆத்தா" என்றார்.

வேனில் ஏறி உட்கார்ந்தேன். அம்மா கூடையைத் தூக்கிப் பார்த்தாள். கனம் இல்லை. மூடியைத் திறந்து உள்ளேயும் பார்த்தாள்.

"பூனை எங்கடி?"

"அது நம்ம வீட்டுலயே இருக்கட்டும்மா" என்றேன்.

அம்மா வேனுக்கு வெளியே அந்த வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கூடையை மூடி சீட்டுக்கு அடியில் தள்ளினாள். உத்தமபாளையம் தாண்டும்வரை நான் அழுதுகொண்டே வந்தேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை.